ஆப்பிள் பைக்கு எந்த ஆப்பிள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் மாநிலத்தில், ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பல ஆண்டுகள் இருந்தேன். செப்டம்பர் பிறந்தால் அங்கே ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு ஆப்பிள் பறிக்கக் கிளம்பிவிடும். பறித்து வந்ததைத் தீர்க்க வேண்டுமே என்றுதான் பை சுடக் கற்றுக்கொண்டேன். சென்னைக்குத் திரும்பிய பிறகும் கேள்விகள் விடவில்லை. அங்கே புதிதாகக் குடிபோன தங்கை மகள் ஒரு பக்கம், இங்கே புதிதாக ஓவன் வாங்கிய எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை; எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பை என்பது சரியாக எது?

துணிப்பை என்று நினைத்தவர்கள் உண்டு. மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைச் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்துத் தட்டில் விரித்து, அதன்மேல் பழத்துண்டுகளைக் குவித்து, இன்னொரு வட்டத்தால் மூடி, ஓரத்தை அழுத்தி ஓவனில் சுடுவது. பெரிய சோமாசி என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஆனால் சோமாசியின் பூரணம் உலர்ந்தது. இதன் பூரணம் சுடச்சுடச் சாறு விடும். எந்த ஆப்பிள் என்ற கேள்வியே அந்தச் சாற்றிலிருந்துதான் பிறக்கிறது.

சாப்பிட ருசியாக இருக்கும் ஆப்பிள் பைக்கும் ருசியாகத்தானே இருக்கும்?

நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் முறை, கடையில் இருந்ததிலேயே அழகான ரெட் டெலிசியஸை ஒரு கூடை நிறைய வாங்கினேன். கருஞ்சிவப்பு, மெழுகுபொம்மை போன்ற பளபளப்பு. ஓவனிலிருந்து எடுத்தபோது மேலோடு பொன்னிறமாக உப்பி நின்றது. கத்தியை வைத்ததும் அப்பளம்போல் நொறுங்கி உள்ளே விழுந்தது. அடியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு இனிப்புக் கூழ். பட்டையின் வாசம் வந்தது; ஆப்பிளின் வாசம் எங்கே போனதென்றே தெரியவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் நல்லவர்கள்.

பச்சையாகக் கடிக்கும்போது நாக்கு தேடுவது சாறு, இனிப்பு, நறுக்கென்ற கடி. பைக்கு இனிப்பைச் சர்க்கரை டப்பாவிலிருந்து போட்டுக்கொள்ளலாம். நறுக்கென்ற கடி எந்த ஆப்பிளிலும் ஓவனைத் தாண்டி வராது. மணத்திலும் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். கடைசி வரை நிற்பது புளிப்பு. அது இல்லாவிட்டால், பாகில் வெந்த பூசணிக்காய்க்கும் ஆப்பிளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்ல முடியாது. ஆகவே முதலில் புளிப்பைப் பாருங்கள். அடுத்தது, வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கிறதா என்பது. இரண்டும் எல்லா ரகத்திலும் சேர்ந்து அமையாது, தொல்லை அங்கேதான்.

சில ஆப்பிள் மட்டும் ஏன் குழைந்துபோகிறது?

ஆப்பிளில் ஏறக்குறைய 85 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சிறுசிறு அறைகளில் அடைத்து, அறைச்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். சூடு ஏற ஏறப் பெக்டின் கரையும், சுவர்கள் விலகும், துண்டு துவண்டுவிடும். புளிப்பு இருந்தால் இந்தக் கரைதல் மெதுவாக நடக்கும். குழம்பு வைப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: காய் வேகும் முன்னே புளிக்கரைசலை ஊற்றிவிட்டால், பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் காய் வேகாமல் அடம்பிடிக்கும். குழம்பில் நாம் திட்டுகிற அந்தக் குணத்தைத்தான் பையில் தேடிப்போகிறோம்.

புளிப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. இங்கிலாந்தின் பிராம்லி கடும் புளிப்பு. ஆனாலும் வெந்தால் பஞ்சாகிவிடும். ரகத்தின் உள்ளமைப்பு, பழம் எத்தனை மாதம் கிடங்கில் இருந்தது என்பவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

பெயர் தெரியாத ஆப்பிளை எப்படிச் சோதிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஒரு பழத்தை வெட்டி, அரை விரல் தடிமனில் நான்கு துண்டு எடுங்கள். கனமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அதில் துண்டுகள். மூடிபோட்டு, சிறுதீயில் பத்து நிமிடம். திறந்து, கரண்டி நுனியால் ஒரு துண்டின் நடுவில் அழுத்துங்கள்.

ஒரு அக்டோபர் மாலை ஐந்து ரகங்களை வரிசையாக வைத்து இதைச் செய்து பார்த்தேன். மக்கின்டாஷ் ஆறாவது நிமிடத்திலேயே தன் உருவத்தை விட்டுவிட்டது. மூடியைத் திறந்தபோது குழைந்த பருப்புப் போல் கிடந்தது. கிரானி ஸ்மித்தின் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருந்தன. நடுவில் கரண்டி இறங்கக் கொஞ்சம் யோசித்தது. கோல்டன் டெலிசியஸ் உடையாமல் வளைந்தது; வாசம் அந்த ஐந்திலும் அதற்குத்தான் தூக்கல். ஜோனாகோல்டு அதன் அருகிலேயே நின்றது, சற்றுக் கூடுதல் புளிப்போடு. ரெட் டெலிசியஸ் பார்க்க முழுசாக இருந்தது. வாயில் போட்டால் ஈர மாவு. தோல் மட்டும் தனியே பல்லில் மாட்டிக்கொண்டது.

நான்கு துண்டில் தெரிந்துவிடும் விஷயத்துக்காக ஒன்றரைக் கிலோ பழத்தைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு ரகத்தின் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

கிரானி ஸ்மித். உலகில் எந்தப் பெரிய ஊரிலும், எந்த மாதத்திலும் கிடைக்கும். பச்சைத் தோல், கெட்டிச் சதை, தயங்காத புளிப்பு. ஸ்டிக்கரில் 4017 என்ற எண்ணைப் பார்த்தால் அதுதான்.

இது யாரும் திட்டமிட்டு உருவாக்கிய ரகம் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே ஈஸ்ட்வுட் என்ற இடத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மையாரின் தோட்டத்தில் தானாக முளைத்த செடி. வீட்டுக் கழிவாகக் கொட்டிய ஆப்பிள் விதையிலிருந்து வந்தது என்பார்கள். 1868-இல் அவர் அதை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டினார், 1870-இல் காலமாகிவிட்டார். தன் பெயரைக் கடல் கடந்த ஊர்களிலெல்லாம் ஒட்டி விற்பார்கள் என்பது அந்தக் கிரானிக்குத் தெரியாது.

குறை ஒன்று உண்டு. கிரானி ஸ்மித் மட்டுமே போட்ட பை ஒரே சுருதியில் இருக்கும்: புளிப்பு, மீண்டும் புளிப்பு. மணத்தில் அது ஏழை. அவசரத்துக்கு ஒன்று என்றால் அதுதான். நேரம் இருந்தால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

இரண்டு ரகங்களைக் கலக்கலாமா?

கலக்கத்தான் வேண்டும். புளிப்புக்கும் கெட்டிக்கும் ஒன்று, மணத்துக்கும் இனிப்புக்கும் ஒன்று. சாம்பாருக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்து போவதுபோல, ஒன்றின் குறையை மற்றது மூடும்.

நான் வழக்கமாகச் செய்வது கிரானி ஸ்மித் மூன்று பங்கு, கோல்டன் டெலிசியஸ் இரண்டு பங்கு. இந்தக் கோல்டன் டெலிசியஸுக்குப் பெயரில் மட்டும்தான் ரெட் டெலிசியஸோடு உறவு. குணத்தில் இரண்டும் வேறு வேறு. மேற்கு வர்ஜீனியாவின் கிளே கவுண்டியில் ஒரு பண்ணையில் தானாக முளைத்த மரத்தை 1914-இல் ஸ்டார்க் நாற்றங்கால்காரர்கள் விலைக்கு வாங்கிப் பரப்பினார்கள். காலா, ஜோனாகோல்டு, பிங்க் லேடி மூன்றுக்கும் பெற்றோரில் ஒன்று இதுவே. கடையில் பச்சை கலந்த மஞ்சளில் இருப்பதை எடுங்கள். முழு மஞ்சளாகித் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தால் சதை பஞ்சாகியிருக்கும்.

கலக்கும்போது ஒரு கவனம். சீக்கிரம் வேகும் ரகத்தைத் தடிமனாகவும், கெட்டி ரகத்தை மெல்லியதாகவும் நறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும்.

அமெரிக்காவில் இருக்கிறோம். இலையுதிர் காலத்தில் விவசாயிகள் சந்தையில் எதைத் தேடுவது?

பெரிய கடையை மறந்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள். குறிப்பாக வடகிழக்கு மாநிலங்களில் இருப்பவர்கள்.

நார்தர்ன் ஸ்பை கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். 1800 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் புளூம்ஃபீல்டில் தோன்றிய ரகம். பைக்கு ஸ்பைதான் என்று அந்த ஊர்க்காரர்கள் எதுகையோடு சொல்வார்கள். புளிப்பு, மணம், வெந்தும் குலையாத சதை மூன்றும் ஒரே பழத்தில் அமைந்த அரிய சேர்க்கை. பிறகு ஏன் எல்லாக் கடையிலும் இல்லை? மரம் காய்க்கத் தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும்; தோல் மெல்லியது, லேசாக இடிபட்டாலும் கன்றிவிடும். லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும் பழம் இல்லை இது. தோட்டக்காரர் தானே கொண்டுவந்து விற்கும் மேசையில்தான் பார்க்கலாம், அதுவும் அக்டோபர் பிற்பாதியில்.

ரோட் ஐலண்ட் கிரீனிங் இன்னும் பழையது, 17-ஆம் நூற்றாண்டு. பார்ப்பதற்குச் சுமார்தான். பையில் அதன் புளிப்பு கிரானி ஸ்மித்தைவிட ஆழமானது என்பது என் கட்சி. மறுப்பவர்களோடு சண்டைக்குத் தயார்.

இரண்டும் கிடைக்காவிட்டால் ஜோனாகோல்டு. நியூயார்க்கின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் ஜோனத்தனையும் கோல்டன் டெலிசியஸையும் கலந்து எடுத்தது, 1968-இல் வெளிவந்தது. பெரிய பழமானதால் தோல் சீவும் வேலை பாதியாகக் குறையும். பிரேபர்ன், பிங்க் லேடி இரண்டும் நம்பகமானவை, கடையிலும் கிடைக்கும்.

ஹனிகிரிஸ்ப்புக்கு அந்த விலை தகுமா?

கையில் வைத்துக் கடிக்கத் தகும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960-இல் கலப்புச் செய்து 1991-இல் வெளியிட்ட ரகம். கடித்ததும் சாறு தெறிக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஓவனுக்குள் அந்தச் சத்தம் போய்விடுகிறது. துண்டுகள் உடையாமல் நிற்கும் என்பது உண்மை, சுவையும் மோசமில்லை. ஆனால் பட்டுப்புடவையைக் கிழித்துக் கரித்துணியாக்குவதுபோல் எனக்குத் தோன்றும். வீட்டில் மீந்திருந்தால் போடுங்கள், சாற்றுக்காகக் கொஞ்சம் கூடுதல் கார்ன்ஃப்ளாரோடு.

மக்கின்டாஷ்?

தனியாகப் போட்டால் கூழ். நான்கில் ஒரு பங்கு மட்டும் கலந்தால், அது கரைந்து மற்றத் துண்டுகளைச் சுற்றிக் கெட்டியான குழம்பாக நிற்கும். மணமும் அபாரம். கனடாவின் ஆன்டாரியோவில் ஜான் மக்கின்டாஷ் என்பவர் 1811-இல் காட்டைத் திருத்தும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது. டொரொண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு இது உள்ளூர்ப் பழம்; ஆப்பிள் சாஸ் செய்ய இதை மிஞ்ச ஆளில்லை.

லண்டனில் இருக்கும் உறவினர் பிராம்லிதான் என்கிறார். சரியா?

அவர் ஊரில் அவர் சொல்வது சரி. பையைப் பற்றி இரண்டு நாடுகளுக்கும் இரண்டு கருத்து. அமெரிக்கர்களுக்கு வெட்டினால் அடுக்கடுக்காகத் துண்டுகள் தெரிய வேண்டும். ஆங்கிலேயர்களுக்கு உள்ளே நுரைத்துக் கரைந்த, நாக்கைச் சுண்டும் புளிப்புக் கூழ் வேண்டும். அதன்மேல் சூடான கஸ்டர்டை ஊற்றிக்கொள்வார்கள். பிராம்லி அதற்கென்றே பிறந்தது. பச்சையாகக் கடித்தால் முகம் கோணும். அங்கே கடைகளில் சமையல் ஆப்பிள் என்று தனியாகவே வைத்திருப்பார்கள்.

நாட்டிங்ஹாம்ஷையரின் சவுத்வெல் என்ற ஊரில் 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பிற்பாடு அந்த வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்காரர். மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரர் ஒட்டுக்குச்சி கேட்டபோது, என் பெயரில் விற்பதானால் எடுத்துக்கொள் என்றாராம். விதை ஊன்றியவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் இன்னொருவர். இந்த அநியாயத்தைச் சொல்லாமல் என்னால் பிராம்லியைப் பற்றிப் பேச முடிவதில்லை.

துண்டாகவும் இருக்க வேண்டும், பிராம்லியின் புளிப்பும் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி பிரேபர்னோ காக்ஸோ சேர்க்கச் சொல்லுங்கள்.

சென்னையிலோ மதுரையிலோ என்ன வாங்குவது?

பழக்கடையில் சிம்லா, காஷ்மீர் என்று ஊர்ப் பெயரில் விற்பவற்றில் பெரும்பங்கு டெலிசியஸ் குடும்பம். அமெரிக்காவிலிருந்து வந்து இமயமலையில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், பிற்காலத்தில் சத்யானந்த் ஸ்டோக்ஸ், 1916-இல் கோட்கர் பகுதியில் ரெட் டெலிசியஸ் கன்றுகளை நட்டார். அதன் இனிப்பு இமாச்சலத்தையே ஆட்கொண்டுவிட்டது. இனிப்பான ஆப்பிளே நல்ல ஆப்பிள் என்று நாம் நினைப்பதில் அந்தக் கன்றுகளுக்கும் பங்கிருக்கும். கோட்கர்க்காரர்கள் வாழட்டும், பை சுடுகிறவர் பாடு திண்டாட்டம்.

வழிகள் மூன்று. பச்சை ஆப்பிள் என்ற பெயரில் கிடைக்கும் கிரானி ஸ்மித் முதல் வழி. பெரும்பாலும் இறக்குமதி, விலை கூடுதல். முழுவதும் அதிலேயே செய்ய வேண்டாம், பாதி போதும்.

இரண்டாவது, இமாச்சலத்துக் கோல்டன். சிவப்பு மரங்களுக்கு மகரந்தம் தருவதற்காகத் தோட்டங்களில் இடையிடையே நட்டிருப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நம் சந்தைக்கும் எட்டிப் பார்க்கும். சிவப்பாக இல்லை என்று வாங்குவோர் ஒதுக்குவதால் மலிவாகவும் கிடைக்கும். பழக்கடை அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார். எனக்கு எடுத்து வைத்தவர், இதையா கேட்கிறீர்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

மூன்றாவது, கையில் இருக்கும் சிவப்பு ஆப்பிளுக்குப் புளிப்பை வெளியிலிருந்து கொடுப்பது. ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச்சாறு. எதிர்வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், ஏப்ரல் மாதத்தில் ஒரு கிளிமூக்கு மாங்காயை மெல்லிய வில்லைகளாகச் சீவி ஆப்பிளோடு கலந்து சுட்டார். சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டவன், இரண்டாவது துண்டு கேட்டேன்.

காலாவும் ஃபியூஜியும் இனிப்பு ரகங்கள். எலுமிச்சையோடு சேர்த்தால் ஒப்பேற்றலாம். ஃபியூஜி நன்றாகவே உருவம் காக்கும்.

கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது?

கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள குழியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். நகத்தால் சுண்டினால் இளநீர்க்காயைத் தட்டியதுபோல் இறுக்கமான ஒலி வர வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே மாவாகிவிட்டது. நிறம் எதையும் நிரூபிக்காது. பளபளப்பு மெழுகுப் பூச்சினாலும் வரும். காம்புப் பக்கம் சொரசொரப்பான பழுப்புத் திட்டு இருந்தால் பயப்படாதீர்கள், பல ரகங்களுக்கு அது இயல்பு.

எத்தனை பழம் வேண்டும்?

23 செ.மீ. தட்டுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ, அதாவது நடுத்தரப் பழமாக ஏழெட்டு. தோலும் நடுப்பகுதியும் போனபின் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தேறும். பச்சையாகக் குவிக்கும்போது மலைபோல் தெரியும், வெந்ததும் அமுங்கிவிடும்.

பழம் பழசா புதுசா என்பது முக்கியமா?

ரகத்துக்கு அடுத்தபடி இதுதான். ஆப்பிள் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. நாளாக ஆகப் புளிப்பு குறையும், பெக்டின் தளரும். ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் குளிர்கிடங்குகளில் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூடப் பழத்தை வைத்திருக்க முடிகிறது. அக்டோபரில் தூண்போல் நின்ற அதே ரகம், மே மாதத்தில் வாங்கும்போது குழைவதற்குக் காரணம் இதுதான்.

இமாச்சலம், காஷ்மீர் அறுவடை ஜூலையிலிருந்து அக்டோபர், நவம்பர் வரை. அமெரிக்காவில் ஆகஸ்ட் முதல் நவம்பர். நியூசிலாந்திலும் சிலியிலும் பிப்ரவரி முதல் மே. ஆகவே கோடையில் பை சுடுவதென்றால் தெற்கிலிருந்து வந்த பழத்தின் ஸ்டிக்கரைத் தேடுங்கள். அதுதான் அப்போது புதுசு.

வீட்டில் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். சமையல் மேடையில் கூடையில் வைத்தால் சென்னை வெயிலில் ஒரு வாரத்தில் மாவாகிவிடும். கீரையோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் என்ற வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

தோலைச் சீவ வேண்டுமா? துண்டு எவ்வளவு பெரிது?

சீவுங்கள். வெந்த தோல் சுருண்டு பல்லில் சிக்கும். துண்டு அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் தடிமன். அதற்கும் மெல்லியதாக்கினால் எந்த ரகமும் உங்களைக் காப்பாற்றாது.

நறுக்கியதும் கறுத்துவிடுகிறதே?

காற்றுப்பட்டதும் பழத்தின் நொதி செய்யும் வேலை. கொஞ்சம் எலுமிச்சைச்சாறு தடவினால் நிற்கும். எப்படியும் வெந்து பழுப்பாகப் போகிறது, கவலைப்படாதீர்கள்.

நல்ல ஆப்பிள்தான் போட்டேன். ஆனாலும் மேலோட்டுக்குக் கீழே வெற்றிடமும் அடியில் தண்ணீரும். ஏன்?

பச்சைத் துண்டுகள் குவிந்திருக்கும்போதே மேலோடு அதன் வடிவில் வெந்து இறுகிவிடுகிறது. பிறகு ஆப்பிள் அமுங்குகிறது, கூரை மட்டும் தனியே நிற்கிறது. கெட்டி ரகத்துக்கும் இது நடக்கும், கொஞ்சம் குறைவாக.

எளிய தீர்வு: நறுக்கிய துண்டுகளில் சர்க்கரையும் எலுமிச்சையும் புரட்டி ஒரு மணி நேரம் வைத்து, ஊறிய சாற்றை வடித்து, அதைத் தனியே பாதியாகச் சுண்டக் காய்ச்சி மீண்டும் துண்டுகளில் ஊற்றுங்கள்.

இன்னொரு வழி கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். துண்டுகள் மூழ்கும்படி கொதிநீரை ஊற்றி, மூடிவைத்துப் பத்து நிமிடத்தில் நன்றாக வடித்துவிடுவது. கொதிநீர் பழத்தில் பட்டதும் சூடு தணிந்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் வந்து நிற்கும். அந்தச் சூட்டில் பழத்திலுள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு, பெக்டின் சுண்ணாம்புச்சத்தோடு இறுகப் பிணையும்படி செய்துவிடுகிறது. அப்படிப் பிணைந்த பெக்டின் பிறகு 200 டிகிரி ஓவனிலும் எளிதில் கரையாது. முன்பே வேகவைத்தால் அதிகம் குழையும் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். சிவப்பு ஆப்பிளைத் தவிர வேறு கதியில்லாத நாட்களில் இந்த முறை கைகொடுக்கும். சுவையில் கொஞ்சம் தண்ணீரோடு போவது உண்மை. அதை எலுமிச்சையால் ஈடுகட்டுங்கள்.

இரண்டு வழியிலும், பூரணத்தில் இரண்டு முதல் மூன்று மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் வேண்டும்.

சர்க்கரை எவ்வளவு?

புளிப்பு ரகமாக இருந்தால் ஒரு கிலோ துண்டுகளுக்கு 150 கிராம் அளவில். சிவப்பு ஆப்பிளுக்கு 80 கிராமே ஜாஸ்தி. நாட்டுச்சர்க்கரை போட்டால் நல்ல நிறமும் வாசமும் வரும். வெல்லம் ஆப்பிளை அமுக்கிவிடும். உப்பு ஒரு சிட்டிகை, மறக்க வேண்டாம்.

பட்டை, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம்?

பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் நாலு இழைப்பு. கிராம்பு போட்டால் பிரியாணி ஞாபகம் வந்துவிடுகிறது எனக்கு. நல்ல ஆப்பிள் கிடைத்த அன்று பட்டையையும் பாதியாக்கிவிடுவேன்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதல் இருபது நிமிடம் 220 டிகிரி செல்சியஸ், பிறகு 190 டிகிரியில் நாற்பது முதல் ஐம்பது நிமிடம். மேலோட்டில் கீறிய துளை வழியாகச் சாறு கொப்பளிப்பது தெரிய வேண்டும். குமிழ் தண்ணீராக இல்லாமல் பாகுபோல் மெதுவாக உடைய வேண்டும். மெல்லிய கத்தியைத் துளையில் இறக்கினால் கெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் போக வேண்டும். எடுத்ததும் வெட்டாதீர்கள். குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் ஆறினால்தான் சாறு கெட்டிப்படும். தண்ணீர்ப் பை என்று ஆப்பிளைக் குற்றம் சொல்பவர்களில் பாதிப்பேர் பொறுமையில்லாமல் வெட்டியவர்கள்.

பையோடு பாலாடைக்கட்டி சாப்பிடுவார்கள் என்பது கேலியா?

கேலியில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் 1999-இல் ஆப்பிள் பையை மாநிலப் பையாக அறிவித்தபோது, அதைப் பரிமாறுவோர் ஒரு கோப்பைக் குளிர்ந்த பாலோ, 14 கிராமுக்குக் குறையாத செடார் பாலாடைக்கட்டியோ, ஒரு பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ கூடவே தர முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். புளிப்பான பைக்குச் செடாரின் உப்பு பொருந்தும். இனிப்புப் பைக்குப் பொருந்தாது.

சீவிய தோலையும் நடுப்பகுதியையும் குப்பையில்தான் போட வேண்டுமா?

வேண்டாம். பெக்டின் நிறைய இருப்பது அங்கேதான். மூழ்கும் அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிழியாமல் மெல்லிய துணியில் வடித்து, கிடைத்த சாற்றில் முக்கால் பங்கு சர்க்கரையும் ஒரு எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து ஜெல்லியாகக் காய்ச்சுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும்; அதுதான் பதம். கிரானி ஸ்மித் தோலானால் வெளிர் பொன்னிறம், சிவப்புத் தோலானால் ரோஜா நிறம். சிவப்பு ஆப்பிள் என் சமையலறையில் நல்ல பெயர் வாங்குவது இந்தப் பாட்டிலில்தான்.